தலைச்சட்டத்தில் ஒரு ஓட்டை

முன்னூறு அட்டையிலும் பிறை விழுந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் ஓட்டிய பச்சை மை நன்றாகக் காய்ந்து பளபளவென்று நின்றது. காலையில் அத்தா மேசையில் வைத்துவிட்டுப் போன கல்யாண விஷயத் தாளை சபியா இன்னொரு தடவை படித்தாள். எழுதியிருந்தது மலாயில்தான். ஆனால் மணப்பெண் பெயர் சிவகாமசுந்தரி, மாப்பிள்ளை கணேசமூர்த்தி பிள்ளை. காஜா பெராங் செட்டி கம்பத்துக் கல்யாணம்.

அவள் மேலே இருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

செட்டி கம்பத்துக்காரர்கள் பழைய தமிழ் வம்சம், சாமி கும்பிடுகிறவர்கள். வீட்டில் பேசுவது மலாய். அச்சாபீஸிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அவர்கள் குடியிருக்கும் கம்பம் இருக்கிறது. இது சபியாவுக்குத் தெரியாததில்லை. தெரிந்திருந்தும் பிறையைப் போட்டாளே, அதற்குக் காரணம் சுவரில் சாக்பீஸால் அவளே எழுதி வைத்திருந்த மூன்று வரி.

அந்த வருஷம் மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே அப்துல் ஹமீதின் அச்சாபீஸில் மூச்சுவிட நேரமில்லாமல் போயிற்று. பந்து விளையாடும் சங்கம், தையல் சங்கம், கல்யாணம், காதுகுத்து என்று ஆளாளுக்கு நோட்டீஸும் பத்திரிகையும் கேட்டார்கள். எல்லாருக்கும் தலைப்பில் பூ ஓரம் வேண்டும். கம்பாசிட்டர் மருதமுத்து ஒவ்வொரு வேலைக்கும் பூவைத் துண்டு துண்டாகப் பொறுக்கி அடுக்குவார். அரைநாள் ஓடிவிடும். அச்சடித்ததும் பிரித்துப் போட்டுவிட்டு, மறுநாள் அதே பூவை மறுபடி அடுக்குவார்.

ஹமீதின் மகள் சபியாவுக்குப் பதினாறு வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அட்டை எண்ணிக் கட்ட வந்தவள், ஒருநாள் மருதமுத்துவிடம் கேட்டாள்.

"ஏண்ணே, இத பிரிக்காமயே வச்சுக்கிட்டா என்ன?"

"சாமி படம் ஒரு ஆளுக்கு, பிறை ஒரு ஆளுக்கு. பிரிக்காம எப்படி பாப்பா?"

"நடுவுல மட்டும் ஓட்ட விட்டுட்டா?"

அப்படிப் பிறந்ததுதான் தலைச்சட்டம். ஓர் இரும்புச் சட்டத்துக்குள் பூ ஓரத்தை ஒரே தடவை அடுக்கி இறுக்கிவிட்டார்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. அதில் பொருந்துகிற மாதிரி மூன்று கட்டைகள்: பிள்ளையார் சுழி, பிறை, ஒன்றுமில்லாத பூக்கட்டை. தன்னைக் கேட்காமலே யாரும் எடுத்து ஓட்டலாம் என்று சுவரில் எழுதி வைத்தாள்: தமிழ் வேலை – சுழி. மலாய் வேலை – பிறை. இங்கிலீஷ் – பூ.

ஹமீதுக்கு இதில் பாதி மனசுதான். "பொம்பளப் புள்ள மிஷின் பக்கத்துல நிக்கிறான்னு ஊர்ல பேசுறாங்க. ஒரு வேல கெட்டுச்சுன்னா சட்டத்தப் பிரிச்சுட்டு நீ உம்மா கூட வீட்டுல இரு" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். இருபத்து மூன்று வேலை கெடாமல் போயிற்று. இருபத்து நாலாவதுக்கு நேற்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "மலாய்ல ஒரு கல்யாணம், முன்னூறு. தலைய ஓட்டி வைங்க, விஷயம் காலைல தர்றேன்." சபியா சுவரைப் பார்த்தாள், பிறையைச் செருகினாள். மிஷின்காரர் கலியாணசுந்தரம் கால்மிதி மிஷினில் முன்னூறையும் மிதித்துத் தள்ளினார்.

இப்போது கலியாணசுந்தரம் அட்டையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.

"புதுக் கொடியிலயும் பிறைதான இருக்கு? மெர்டேக்கா தலைன்னு சொல்லிருவோம். கல்யாண வீட்டுப் பெரியம்மா சாரதா பிபிக் சந்தோஷமா வாங்கிட்டுப் போவாங்க."

"வெளையாடாதீங்கண்ணே."

"வெளையாட்டு இல்ல. நான் சொல்றேன், நீ பேசாம நில்லு."

ஒரு நிமிஷம் அவளுக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. அப்புறம் அந்த வீட்டுப் பெண் இந்த அட்டையோடு கோயில் படி ஏறுவதை நினைத்துப் பார்த்தாள். முஸ்லிம் கடையில் அடித்த அட்டை, அதில் பிறை. வேணுமென்றே செய்தது என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அத்தா இந்தத் தெருவில் எப்படி நடப்பார்?

வெளிவேலையாகப் போயிருந்த ஹமீது புக்கிட் ரம்பாயிலிருந்து பதினோரு மணிக்கு வந்தார். சைக்கிளை நிறுத்தும்போதே சபியா எதிரே போய் நின்றாள்.

"அத்தா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சொல்லி முடித்தாள். அவர் ஒரு அட்டையை எடுத்தார். சுவரைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு சாரதா பிபிக் வருவாங்க. நீயே சொல்லணும். சொல்லிட்டு சட்டத்தப் பிரிச்சு வச்சிரு" என்று உள்ளே போய்விட்டார்.

சபியா தலைச்சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தாள். திருகாணியில் கை வைத்தாள், எடுத்தாள். முன்னூறு அட்டையையும் சரித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பிறை ஒரே இடத்தில், மயிரிழை பிசகாமல் விழுந்திருந்தது. கையால் ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தால் அப்படி விழுந்திருக்காது.

"அண்ணே, ஒரே எடத்துல இருக்குன்னா ஒரே கட்ட எல்லாத்தையும் மறைக்கும்ல?"

மருதமுத்து மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். போஸ்டர் அடிக்கிற மர எழுத்துப் பெட்டியைக் கிளறி, பெரிய முற்றுப்புள்ளி ஒன்றை எடுத்துவந்தார். கட்டையின் ஓரத்தை அரத்தால் தேய்த்தார். ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

பூ ஓரம் மறுபடி விழாமல் தாளால் மறைத்து, சிவப்பு மையைக் கெட்டியாகத் தடவி ஓட்டினார்கள். பச்சைப் பிறை மேல் வட்டமாக ஒரு பொட்டு விழுந்தது. அட்டைகளை மேசை, பெஞ்சு, தரை என்று பரப்பி விசிறினார்கள். கொஞ்சம் உலர்ந்ததும் பவுடர் தூவி, பொட்டின் மேல் கறுப்பில் சுழியும் கீழே மலாய் விஷயமும் ஓட்டி முடிக்கும்போது மணி நாலே முக்கால். சபியாவின் முழங்கை வரைக்கும் சிவப்பு.

சாரதாம்பாள் பிபிக் கெபாயாச் சட்டையும் குடையுமாக வந்தார். பேச்சு மலாய்தான், நடுநடுவே தமிழ் எட்டிப் பார்க்கும். அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சந்திக்னியா, என்ன அழகு! பொட்டு வச்ச கார்டு!"

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கலியாணசுந்தரம் மிஷினுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். அத்தா மேசையில் தலை நிமிரவில்லை.

"பிபிக், அந்தப் பொட்டுக்கு அடியில பிறை இருக்கு" என்றாள் சபியா. "மலாய் வேலைன்னதும் நான்தான் யார் வீடுன்னு கேக்காம போட்டுட்டேன். அத்தாவுக்குத் தெரியாது. சாய்ச்சுப் பாருங்க."

பிபிக் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மெல்லிய மேடாகப் பிறை தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்கள எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க, ஹமீது மக. கோயில்ல ஏன் தமிழ் பேசலன்னு கேக்குறாங்க. சந்தைல நோன்பு வச்சாச்சான்னு கேக்குறாங்க. பக்கத்துலயே இருக்கிற நீயும் யார் வீடுன்னு கேக்கலயா?"

சபியா முழங்கைச் சிவப்பைத் தாவணியால் தேய்த்தாள்.

பிபிக் அட்டையால் கொஞ்சநேரம் விசிறிக்கொண்டார். "மனுஷங்களுக்கு இது போதும். யாரு இத சாய்ச்சுப் பாக்கப் போறா? ஆனா சாமிக்கு மொத கார்டு வைக்கணும். அதுல அடியில ஒண்ணும் இருக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு. முடியுமா?"

ஹமீது நிமிர்ந்தார். ஒரே ஒரு அட்டைக்காகப் பூ ஓரம் அடுக்குவது அவருடைய அச்சாபீஸில் நடந்ததே இல்லை.

சட்டம் இன்னும் பிரியாமல் இருந்தது. சுழி ஓட்டையிலேயே இருந்தது; சபியா பூ ஓரத்தை மறைத்திருந்த தாளை மட்டும் எடுத்தாள். கலியாணசுந்தரம் புது அட்டையை வைத்து ஒரு மிதி மிதித்தார். பிறகு விஷயத்துக்கு ஒரு மிதி. பிபிக் குடையை மடக்கி உட்கார்ந்து ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் அட்டை கைக்கு வந்துவிட்டது. பொட்டில்லாத, சுத்தமான அட்டை. அதைத் தனியாகக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, மற்றதைக் கட்டித் தரச் சொல்லிக் கிளம்பினார்.

சபியா திருப்புளியை எடுத்துக்கொண்டு தலைச்சட்டத்தருகே போனாள்.

"என்ன பண்ற?" என்றார் ஹமீது.

"பிரிக்கச் சொன்னீங்களே அத்தா."

"செவுத்துல இருக்கிறத மொதல்ல அழி."

அழித்தாள். ஈரத்துணியின் தடம் காய்கிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரிக்காத சட்டத்தை மிஷின் பக்கத்திலேயே நகர்த்தி வைத்தார். "நாளைக்குச் செங் ஊர்லருந்து ரெண்டு வேல வருது. சீக்கிரம் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

அவர் போனபிறகு சபியா சுழியை எடுத்துவிட்டு, ஒரு மரக்குச்சியைச் சீவி, தலைச்சட்டத்தின் ஓட்டையில் செருகினாள். குச்சி ஒரு விரல் உயரம் நீட்டிக்கொண்டு நின்றது. பிடுங்காமல் யாரும் மிஷினில் ஏற்ற முடியாது. குச்சியில் ஒரு துண்டுத்தாளைக் கட்டி எழுதினாள்: யார் வீட்டு விசேஷம்?