பின்வரிசை டின்

கடையில் அவளுக்கு மின்னல் என்று பெயர். விலைச்சீட்டு ஒட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்றவர்கள் முன்வரிசைக்கு ஒட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். இவள் பின்வரிசையில் தொடங்கித்தான் முன்னால் வருவாள், ஒன்றுகூடத் தப்பாது.

முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவைதான் விலை மாறும். வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் அரசாங்கம் கைவிரித்ததிலிருந்து நாட்டுப் பணத்துக்கு மதிப்பே போய்விட்டது. கப்பலில் வருகிற பொருளுக்கெல்லாம் வேளைக்கு ஒரு விலை. குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கிற பால்மாவும் கப்பலில்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மந்திரி டிவியில் பேசினார். அவர் வீட்டில் கைக்குழந்தை இல்லை போலிருக்கிறது.

இவள் வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருந்தது. நாலு ஸ்பூன் போடவேண்டிய பாட்டிலில் ஒரு ஸ்பூன்தான் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பாக்கெட் வருவது எப்போதோ நின்றுபோயிற்று. அதனால் காலையில் ஒரு டின்னைப் பின்வரிசை மூலையில் தள்ளி வைத்திருந்தாள். ஒட்டியிருக்கிற விலைதான் விலை என்பது கடைச் சட்டம். விலை ஏறினாலும் அதில் மட்டும் புதுச் சீட்டு ஒட்டாமல் விட்டுவிடலாம். மூன்று மணிக்குச் சம்பளம். வாடகை போக மிஞ்சுவது அந்த டின்னுக்குச் சரியாக இருக்கும்.

இரண்டு மணிக்கு மேனேஜர் புதுச் சீட்டுச் சுருளோடு வந்தார். "பால்மா மறுபடி ஏறிடுச்சு. சீக்கிரம் ஒட்டும்மா."

மனசு வீட்டில் இருந்தது. கை தன் பாட்டுக்கு ஓடியது. முன்வரிசைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மூலை டின்னிலும் புது விலை! நகத்தால் சுரண்டினாள். சீட்டு துணுக்குத் துணுக்காகக் கிழிந்ததே தவிர உரிந்து வரவில்லை.

"சார், இது ஒண்ணை மட்டும் காலை விலைக்குக் குடுங்க சார். பாப்பாவுக்கு."

"நான் என்னம்மா பண்றது? அந்தக் கடனை நானா வாங்கினேன்?"

"நானும் வாங்கலையே சார்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மணிக்குச் சம்பளம் வந்தது. வாடகை போக, டின்னின் விலையில் கால்வாசி குறைந்தது. யாரிடம் கேட்பது? எல்லோருக்கும் அதே கதிதான். புருஷன் வீட்டிலிருந்து போன் செய்தான்.

"டின் வாங்கிட்டியா? கடைசி ஸ்பூனையும் கலக்கிட்டேன்."

"வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

டின்னைக் கொண்டுபோய் முன்வரிசையில் வைத்தாள். கூடையோடு வந்த ஒரு பெண் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"சீட்டு கிழிஞ்சிருக்கே, பழைய விலையா?"

"இல்லைங்க, புது விலைதான்" என்றாள் மின்னல். "நான்தான் ஒட்டினேன்."