படுத்திருப்பது நான்

வருடாந்திரப் பரிசோதனைதான், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கோ இரண்டு மாதமாக, கணவரோடு சேரும்போதெல்லாம் ரத்தம் படுகிறது. டாக்டரம்மாவிடம் எப்படியாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். துணைக்கு என்று மாமியாரும் ஒட்டிக்கொண்டார்.

அந்த மருத்துவமனையில் ஒரு கேடுகெட்ட வழக்கம். நேரம் மிச்சமாகுமாம், அடுத்த மூன்று பேரையும் உள்ளேயே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“மாதவிலக்கு ஒழுங்கா வருதா?” டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

“டாண்ணு வந்துடும் டாக்டர்,” என்றார் மாமியார்.

“வலி ஏதாவது?”

“இவளுக்கா? குத்துக்கல்லாட்டம் இருக்கா!”

அவ்வளவுதான். டாக்டரம்மா நாற்காலியையே அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நோயாளி யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவழியாக நான் வாயைத் திறந்தபோது ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையில் ஏறியது. “பேசாதீங்க, அளவு தப்பா காட்டும்,” என்றார் நர்ஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். “ஜில்லுனு இருக்கும்மா. இறுக்கிக்காம மூச்சை இழுத்து விடுங்க. சின்ன பிரஷ்ல தடவி எடுத்தா முடிஞ்சுது,” என்றார் நர்ஸ். கருவி உள்ளே போனது. வலிக்கவில்லை, அழுத்தியது.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். பிறகு திரைக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார்: “கருப்பை வாய் சிவந்திருக்கே. நடுவுல ரத்தம் படுதா?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர்!”

நான் பஸ் கண்டக்டர். எந்த நெரிசலிலும் என் குரல் பின்படிக்கட்டு வரை கேட்கும்.

“படுத்திருக்கறது நான் டாக்டர்! என்னைக் கேளுங்க! ரெண்டு மாசமா அவரோட சேர்ந்தாலே ரத்தம் வருது!”

“ஐயோ, மானம் போச்சு! நாலு பேர் முன்னாடி இப்படியா கத்துவே?” என்றார் மாமியார்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். “எல்லாரும் வெளியே போங்க. அம்மா, நீங்களும்தான்.”

“நானும் போயிட்டா இவளுக்குப் பதில் சொல்ல யார் இருக்கா?” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். நர்ஸ் கதவைச் சாத்தினார்.

டாக்டரம்மா பிரஷ்ஷால் தடவி எடுத்து, சோதனைக்கு அனுப்பச் சொல்லி நர்ஸிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஏம்மா மறைச்சீங்க?”

“மறைக்கல டாக்டர்,” என்றேன். “நீங்க என்னைக் கேக்கவே இல்ல.”