மைக்கின் பின்பக்கம்

வருகிற பெண்களை உட்கார வைக்க இடம் போதவில்லை. அடுத்த வீட்டு மைமூன் மாமி ஷஹ்லாவின் அறைக்குள் நுழைந்து சாமான்களை ஒதுக்கத் தொடங்கினாள். முன்னறையில் வாப்பாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். மாமியின் கை மேசைமேல் இருந்த மைக்கை நோக்கிப் போனது.

"இது என்னது மக்கா, சவரக்காரன் நுரை டப்பா மாதிரி?"

"அதத் தொடாதீங்க மாமி." ஷஹ்லாவின் குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. "நானே எடுக்கேன்."

அண்ணன் உபைத் காக்கா போன வருசம் துபாயிலிருந்து கொண்டுவந்தது அது. கம்பி வலைக்குள் பொன்முலாம் பூசிய மெல்லிய வட்டத் தகடு ஒன்று தெரியும். மூச்சு பட்டால்கூட அதிரும். கச்சேரி மைக்கைப்போல உச்சியில் வாய் வைத்துப் பேசக் கூடாது. அதன் வயிற்றுக்கு நேராக உட்கார வேண்டும். அந்த முன்பக்கத்துக்கு எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும். பின்பக்கம் ஏறக்குறையச் செவிடு. அதை வைத்துத்தான் ஷஹ்லா ஒரு கம்பெனிக்கு நாவல்கள் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

வாப்பா செய்யது அலி தேங்காய்ப்பட்டணம் துறையில் மீன் ஏலம் விளித்தவர். அவர் ஒரு சத்தம் போட்டால் கரையே திரும்பிப் பார்க்கும். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அந்த வாயில் மிச்சமிருந்தது ஒரே சொல். "சலா." மகளின் பெயர். தண்ணீருக்கும் சலா, ஈயை விரட்டவும் சலா, உம்மாவைக் கூப்பிடவும் சலாதான்.

அன்று குளச்சலில் ஒரு கல்யாணம். "எத்தன நாளாச்சு நீங்க வெளிய எறங்கி, போய்ட்டு வாங்க, வாப்பாவ நான் பாத்துக்கிடுகேன்" என்று உம்மாவைக் காலையில் வண்டியேற்றிவிட்டதே அவள்தான். பிறகு அறையில் உட்கார்ந்தாள். ஒரு அத்தியாயம் அன்றைக்கே அனுப்பியாக வேண்டும். நடுவில் வாப்பா கூப்பிட்டார், ஃபேனைக் கூட்டிவைத்தாள். மறுபடி கூப்பிட்டார், தலையணையைச் சரிசெய்தாள். மூன்றாவது முறை, நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு வாக்கியத்தின் நடுவே, ஹெட்போனுக்குள் மெல்லிசாக வந்தது: "சலா."

வாக்கியம் கெட்டது. அவள் எழுந்தாள். வாப்பாவிடம் போகவில்லை. கதவைச் சாத்தினாள். மைக்கையும் நாற்காலியையும் திருப்பி, மைக்கின் பின்பக்கம் வாப்பாவின் அறைச் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். வாக்கியத்தை முதலிலிருந்து வாசித்தாள். அதன் பிறகு எந்த இடைஞ்சலும் இல்லை.

முடித்து ஹெட்போனைக் கழற்றியபோது வீடு அமைதியாக இருந்தது. நல்லவேளை தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். அந்த அமைதி சுகமாகக்கூட இருந்தது. சாயா போட்டுக் கொண்டு போனாள்.

வாப்பாவின் இடக்கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. தட்டிவிட்ட டம்ளர் வாசல்வரை உருண்டு கிடந்தது. தரையெல்லாம் தண்ணீர். கூப்பிட்டுப் பார்த்தாள், உலுக்கிப் பார்த்தாள். பிறகு, யாருக்கும் சொல்வதற்கு முன்னால், துணியெடுத்து அந்தத் தண்ணீரைத் துடைத்தாள்.

"குடுத்து வச்ச மனுசன். ஒருத்தரையும் கஷ்டப்படுத்தாம போயிட்டாவ" என்றாள் மைமூன் மாமி, கூடியிருந்த பெண்களிடம். "மோளும் பக்கத்துலயே இருந்தாளே."

"அவளில்லாட்டி நான் இத்தன நாளு தாங்கியிருப்பனா?" என்று உம்மா சுலைகா பீவி அழுதாள். "ஒரு விளிக்கு ஓடுவா எம் பிள்ள."

ஷஹ்லா கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் எரிந்தது.

விமானம் கிடைக்காத உபைத் வீடியோவில் வந்தான். வாப்பாவின் முகத்தைக் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தான்.

"கடைசியில ஏதாவது சொன்னாவளா ஷஹ்லா?"

"இல்ல காக்கா. தூக்கத்துல போயிட்டாவ."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பாவைச் சுமந்த சந்தூக்கு வாசல் தாண்டிப் போனது. ஆண்கள் பின்னால் போனார்கள். பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வெள்ளை உடுத்திய உம்மா வாப்பாவின் அறைக்குள் போய்க் கட்டிலடியில் சுருட்டியிருந்த தன் பாயை இழுத்தாள். ஒரு முனை ஈரமாக இருந்தது. தடவிப் பார்த்தாள்.

"வாப்பா தண்ணி கேட்டாவளா மோளே?"

ஷஹ்லா வாசற்படியில் நின்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"கூப்பிட்டாவ உம்மா. ஒரு தடவ கேட்டுது. முடிச்சிட்டுப் போவோம்னு கதவ அடைச்சேன். சத்தம் உள்ள வராம மைக்கையும் திருப்பி வச்சேன். பொறவு கூப்பிட்டாவளான்னு... தண்ணி கொட்டிக் கெடந்துது. நான்தான் தொடச்சேன்."

உம்மாவின் கை ஈரத்தின் மேலேயே இருந்தது. பள்ளிவாசல் பக்கமிருந்து யாரோ யாரையோ டார்ச் கொண்டுவரச் சொல்லும் சத்தம் கேட்டது.

"உபைதுகிட்ட சொல்லண்டாம்" என்றாள் உம்மா.

பாயைத் திருப்பி, ஈரமில்லாத பக்கத்தைத் தலைமாட்டுக்கு வைத்து விரித்தாள். சுவரைப் பார்த்துப் படுத்தாள். சற்று நேரத்தில் உடம்பை இழுத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பாயில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விழுந்தது. தனக்காக ஒதுங்கினாளா, தன்னைவிட்டு ஒதுங்கினாளா என்று தெரியாமல் ஷஹ்லா வாசற்படியிலேயே நின்றாள்.