கீழ்த்தளத்து முளைப்பாரி

“கதவைத் திற வள்ளியம்மா, ஃபயர் ஆபீசர் செக்கிங்குக்கு கேட்டுக்கு வந்துட்டாரு, ரூம் எல்லாம்...”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் திறக்க மாட்டேன் சார்!”

“மாப்பும் பக்கெட்டும் வைக்கிற ரூம்ல அப்படி என்னம்மா...”

“முளைப்பாரி சார்! ஆம்பளை கண்ணு படக்கூடாது!”

தொம்மலூர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளம். ஸ்டோர் ரூம் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வள்ளியம்மா. பக்கத்தில் அவளோடு வேலை செய்யும் ஆறு பெண்கள். எதிரே கட்டட மேனேஜர் ஸ்ரீஹர்ஷா.

உள்ளே ஏழு சட்டிகள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மன் கோயிலுக்குத் தூக்கிப்போக, அந்த ஏழு பெண்களும் விரதமிருந்து நவதானியம் தூவி வளர்த்தவை. மண்ணும் பெண்ணும் ஒன்று, சூல் மறைவில்தான் தங்கும். ஆண் பார்த்துவிட்டால் அத்தனையையும் ஏரியில் கரைத்துவிட்டு அடுத்த ஆடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

“உங்க வீட்ல வெச்சுக்கக் கூடாதா?”

“ஒத்த ரூமு சார். மாமனாரு, புருசன், மவன், ஓயாத டிவி. இருட்டுக்கு எங்க போவேன்? பெங்களூர்லயே உங்க பேஸ்மென்ட்டுதான் இருட்டு!”

கார்களோரம் நின்று வேடிக்கை பார்த்த டிரைவர்கள் சிரித்தார்கள். ஸ்ரீஹர்ஷாவின் முகம் வாடியது. “திறக்கலேன்னா என் வேலை போயிடும்மா.”

அதுவும் நிஜந்தான். வள்ளியம்மா கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

லிஃப்டுக்கு நின்றிருந்த தீபிகா திரும்பினாள். பிள்ளை பெற்று இப்போதுதான் மறுபடி ஆபீஸ் வேலைக்கு வந்திருப்பவள். “அக்கா, மூணாவது மாடியில பால் குடுக்கிற அம்மாங்களுக்குன்னு ரூம் இருக்கில்ல? ஜன்னலே கிடையாது. ஒரு ஆம்பளை எட்டிப் பாக்க மாட்டான். மேல நான் பாத்துக்கிறேன்.”

“வழியில இத்தனை பேரு நிக்கிறாங்களே கண்ணு. துணி போட்டு மூடினா முளை ஒடிஞ்சிடும்.” சொன்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். “சார், எல்லாரும் சுவரைப் பாத்து நில்லுங்க!”

“நானுமா?”

“உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?”

அதற்குள் வந்து சேர்ந்திருந்த ஃபயர் ஆபீசர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு முதல் ஆளாகத் திரும்பினார். பிறகு செக்யூரிட்டி, டிரைவர்கள், கடைசியில் ஸ்ரீஹர்ஷா.

கதவு திறந்தது. ஒரு சாண் உயரத்துக்குப் பொன்னாக முளைத்து நின்றது முளைப்பாரி. வள்ளியம்மா தன் சட்டியைத் தலையில் ஏற்றிக் குலவையிட, மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கீழ்த்தளமே அதிர்ந்தது. தினமும் அவள் துடைத்தும் அவளை ஒருநாளும் ஏற விடாத பெரிய லிஃப்டில், மகாராணி மாதிரி முதலில் ஏறினாள்.

லிஃப்ட் மேலே போய் வெகுநேரம் கழித்துச் சுவரோரமிருந்து குரல் வந்தது.

“வள்ளியம்மா, இப்ப திரும்பலாமா?”