காவல் லாரியின் கதவு

கண்ணில் மணலைக் கொட்டித் தேய்த்தது போல இருந்தது வெல்டருக்கு. சில நாட்களாக ஓயாமல் தகடு ஒட்டுகிற வேலை. அவசரத்தில் முகமூடியை இறக்காமல் வைத்த ஒவ்வொரு ஒட்டும் படுத்த பிறகு கண்ணுக்குள் வந்து எரியும். கழுத்து வேறு பிடித்துக்கொண்டிருந்தது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினார். ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு கொஞ்சம் சாயலாம் என்றால் பட்டறையில் இன்னும் ஒரு லாரி நின்றது.

மலைமேல் இருந்த பட்டாளத்து முகாம்களுக்கு மாவு மூட்டை, பெட்ரோல், தோட்டாப் பெட்டி எல்லாம் லாரியில்தான் போயாக வேண்டும். பாதி வழியில் மறித்துச் சுடுவது வழக்கமாகிவிட்டது. காவலுக்கு அனுப்பக் கவச வண்டி போதவில்லை. அதனால் சரக்கு லாரிகளிலேயே சிலவற்றைப் பொறுக்கி, சுற்றிலும் இரும்புத் தகடு அடித்து, பின்பெட்டியில் இரண்டு இயந்திரத் துப்பாக்கி பொருத்தி, காவல் லாரி என்று பெயர் வைத்தார்கள். வரிசையில் பத்து சரக்கு லாரிக்கு ஒரு காவல் லாரி. சட்டம் ஒன்றுதான். சுட ஆரம்பித்தால் சரக்கு லாரிகள் நிற்காமல் ஓட வேண்டும், காவல் லாரி மட்டும் சுடுகிறவன் இருக்கிற பக்கம் போக வேண்டும்.

பட்டறையில் நின்ற லாரியை ஓட்டியவன் வெல்டருடைய மனைவியின் தம்பி. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் என்பதால் எல்லோரும் அவனைக் குட்டை என்று கூப்பிட்டார்கள். பட்டாளத்து ஆள் இல்லை. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு ஓட்டுகிறவன். தாய் போன பிறகு அக்காதான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள். அவன் காவல் லாரிக்கு மாறிய அன்று அவள் தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. புருஷனிடம்தான் சொன்னாள்.

"அவன் ஓட்டுறத நான் தடுக்க முடியாது. நீங்க ஒட்டுறத ஒழுங்கா ஒட்டுங்க."

வெல்டர் ஒழுங்காகத்தான் ஒட்டினார். கதவுக்கு அடித்த தகடு ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம். முன்கண்ணாடி இருந்த இடத்திலும் தகடு, அதிலும் கதவிலும் பார்க்க ஒரு நீளப் பிளவு. இருக்கைக்குப் பின்னாலும் தகடு. தோட்டா எதிலும் நுழையாது. ஆனால் லாரிக் கம்பெனிக்காரன் செய்த கீல் மெல்லிய தகரக் கதவைத் தாங்குவதற்குச் செய்தது. இந்தக் கனத்தை அது எத்தனை பள்ளத்துக்குத் தாங்கும்? ஒவ்வொரு பயணத்திலும் கீல் முறிந்தது. போன தடவை ஒரு வளைவில் கதவு கழன்று சாலையில் விழ, பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி, குட்டை வீட்டுக்குக் கதவு மாட்டப் போகிறானா என்று கேட்டு, நாலு பேரைக் கூட்டித் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். குட்டை அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

கனமான கீல் கேட்டு எழுதிப் போட்டதற்குப் பதில் இல்லை. தகட்டை எடுத்துவிடலாம் என்றார் வெல்டர். எடுத்தால் ஓட்டுகிறவன் நெஞ்சு தோட்டாவுக்குத் திறந்து கிடக்கும் என்றார் காவல் லாரிகளுக்குப் பொறுப்பான சார்ஜென்ட். இரண்டு பேர் சொன்னதும் சரி. கடைசியில் குட்டையே முடித்துவைத்தான்.

"பேசாம கதவ ஒட்டிடுங்க மாமா. நான் அந்தப் பக்கமா ஏறிக்கிறேன்."

"இறங்கணும்னா?"

"அதே பக்கம்தான். இறங்குறதுக்குத் தனியா சடங்கா வைக்கணும்?"

அந்தப் பக்க இருக்கையில் தோட்டாப் பெட்டி அடுக்கியிருக்கும். அவசரத்தில் அதைத் தாண்டி அவன் காலை எப்படி இழுப்பான் என்று வெல்டர் யோசித்தார். யோசித்து, முழுக்க ஒட்டாமல் நாலு மூலையில் நாலு பொட்டு மட்டும் வைத்தார். பொட்டு என்றால் விரல் நுனி அளவு ஒட்டு. குலுக்கலுக்குத் தாங்கும், உள்ளேயிருந்து இரண்டு காலையும் சேர்த்து உதைத்தால் தெறித்துவிடும். அவனை உள்ளே உட்காரவைத்து எங்கே உதைக்க வேண்டும் என்று சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினார். சரி சரி என்று தலையாட்டினான். அன்றைக்குத்தான் வெல்டர் வீட்டுக்குப் போய் முழுசாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் பயணத்தில் வெல்டருக்கும் முறை வந்தது. வழியில் நிற்கிற லாரிகளைச் சரிசெய்ய வரிசையின் கடைசியில் போகிற பழுதுவண்டியில் ஒரு வெல்டர் போக வேண்டும், காஸ் கட்டரும் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு. விடிந்து வெயில் ஏறும்போது மலையில் ஏறினார்கள். மூன்றாவது வளைவில் முன்னாலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. வரிசை நிற்கவில்லை. சரக்கு லாரிகள் கியரை இறக்கி உறுமிக்கொண்டு ஓடின. குண்டு பட்ட பெட்ரோல் லாரி ஒன்றும் ஒழுகிக்கொண்டே ஓடியது. நடுவிலிருந்து குட்டையின் லாரி மட்டும் வரிசையை விட்டு விலகிச் சரிவின் பக்கம் போனதை வெல்டர் பார்த்தார். பின்பெட்டித் துப்பாக்கிகள் இரண்டும் சுட்டன. பிறகு ஒன்று மட்டும் சுட்டது. பிறகு அதுவும் இல்லை.

பழுதுவண்டி போய்ச் சேர்ந்தபோது சண்டை ஓய்ந்திருந்தது. காவல் லாரியின் முன்சக்கரம் ஒன்று போய், வண்டி மலைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. குட்டை ஏறி இறங்குகிற அந்தப் பக்கக் கதவு பாறையோடு நசுங்கி அடைந்துவிட்டது. துப்பாக்கிக்காரர் இருவரில் ஒருவர் இறந்திருந்தார். மற்றவர் சாலையோரம் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுகின பெட்ரோல் சாலையில் இறங்கி வந்து லாரிக்கு அடியில் தேங்கியிருந்தது.

வெல்டர் கதவுப் பிளவில் முகத்தை வைத்துக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. ஸ்டியரிங் வளைந்து தொடைமேல் இறங்கிவிட்டது, ரத்தம் போகிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றான் குட்டை.

"உதைடா மாப்ள. ஒரு காலாவது வருதா? வட்டம் போட்ட இடத்துல உதை."

வெல்டர் கதவு ஓரத்தைக் கையால் தடவினார். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே ஒட்டு. விரல் தடித்த முழு ஒட்டு, நெளிவு நெளிவாக. அவர் வைத்தது இல்லை.

"இத யார்டா ஒட்டுனது?"

"ராத்திரி முறை ஆளு. நான்தான் ஒட்டச் சொன்னேன் மாமா. கதவு கடகடன்னு ஆடிச்சு. மேல தட்டுறது காதுல விழல."

வெல்டருக்குப் புரிந்தது. பின்பெட்டியிலிருக்கிற துப்பாக்கிக்காரர் ஓட்டுநரின் தலைக்கு மேல் கூரையைத் தட்டித்தான் சேதி சொல்வார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் போ. தட்டு காதில் விழாமல் போன பயணத்தில் இவன் நிற்க வேண்டிய இடத்தில் போயிருக்கிறான், துப்பாக்கிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அதற்கு இவன் கண்டுபிடித்த வைத்தியம் இது. மாமாவிடம் சொன்னால் விடமாட்டார் என்று அவர் இல்லாத முறையில் செய்துகொண்டான்.

காஸ் கட்டரை இறக்கச் சொல்லிக் குழாயை மாட்டிவிட்டார் வெல்டர். கட்டரால் அறுத்தால் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் கதவு கையோடு வரும். லைட்டரை எடுத்தபோது, வரிசையோடு வந்திருந்த சார்ஜென்ட் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கீழே தேங்கியிருந்த பெட்ரோலைக் காட்டினார். பின்பெட்டியில் எறிகுண்டுப் பெட்டிகள் வேறு இருந்தன. பிடித்த பிடியை அவர் விடவில்லை. பிடித்திருக்கத் தேவையே இல்லை, வெல்டருக்கே தெரியும். கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பழுதுவண்டிச் சங்கிலியைக் கதவில் கோத்து இழுத்தார்கள். கதவு வரவில்லை, லாரி நகர்ந்தது. ஸ்டியரிங் தொடையில் இன்னும் இறங்க, உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு பழுதுவண்டிக்காரர் தானே என்ஜினை நிறுத்திவிட்டார். கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நாலு பேர் தொங்கினார்கள். கடப்பாரை வளைந்தது. துண்டைக் கிழித்து, பிளவு வழியாகத் திரித்து உள்ளே தள்ளினார் வெல்டர், தொடையை இறுக்கிக் கட்டச் சொன்னார். கை எட்டவில்லை என்றான் அவன். ஆறடி ஆளுக்குத் தன் தொடை எட்டவில்லை.

அப்புறம் மிச்சமிருந்தது உளிதான். கீழே மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். பொறி பறக்காமல் இருக்க ஒட்டின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஈரச் சாக்கைப் போர்த்தி, வெல்டர் உளியை வைத்து அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் சார்ஜென்ட் கண்ணை மூடித் திறந்தார். ராத்திரி முறை ஆள் நல்ல வேலைக்காரன். இரும்பு துளித் துளியாகத்தான் வந்தது.

உள்ளேயிருந்து முதலில் பேச்சு வந்துகொண்டிருந்தது. வேலை மெதுவாக நடக்கிறது, கூலியில் பிடிக்கச் சொல்லப்போகிறேன் என்றான். தண்ணீர் கேட்டான். ரப்பர் குழாயைப் பிளவில் விட்டுக் கொடுத்தார்கள். குடித்தானா இல்லையா தெரியவில்லை. பாதி ஒட்டு தாண்டியபோது அவன் குரல் குழந்தைக் குரலாகிவிட்டது.

"மாமா, அக்காகிட்ட கதவு விஷயம் சொல்லாதீங்க. திட்டும்."

"சொல்லல. நீ பேசிக்கிட்டே இரு."

அவன் பேசவில்லை. வெல்டர்தான் பேசினார். எதை எதையோ பேசினார், ஒட்டு முடிகிற வரைக்கும்.

கதவைப் பிரித்தபோது உயிர் இருந்தது. அவ்வழியே இறங்கி வந்த காலி லாரியில் போட்டு, அடிவாரத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பட்டாளத்து ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது, ஆனால் ஒப்பந்தக்காரரின் ஆளை அங்கே சேர்க்க உத்தரவு இல்லையாம். சார்ஜென்ட் அதன் வாசல்வரை வந்து பேசிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மற்ற லாரிகளைப் பார்க்கப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாவது பாட்டில் பாதி இறங்கும்போது செத்துப்போனான்.

அக்கா வந்தாள். கதவு ஏன் திறக்கவில்லை என்று கேட்டாள். "நீங்க ஒட்டுனதுதானே?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதற்குமேல் அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

உடம்பை வாங்கப் போன இடத்தில் ரத்தப் பிரிவுக்காரர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஏற்றிய மூன்று பாட்டிலுக்கும் பதிலாகச் சொந்தக்காரர்கள் ரத்தம் தர வேண்டும், அடுத்து வருகிற ஆளுக்கு வேண்டுமே என்றார். வெல்டர் படுத்துக் கையை நீட்டினார். ஒரு ஆளிடம் ஒரு பாட்டிலுக்குமேல் எடுக்க மாட்டார்களாம். அக்காவை எடைபோட்டுப் பார்த்து, நீங்கள் வேண்டாம்மா என்று அனுப்பிவிட்டார்கள். லாரிக்காரர்கள் எல்லோரும் மலைமேல் இருந்தார்கள், ராத்திரி முறை ஆளும் அன்றைக்குப் பயணத்தில் போயிருந்தான்.

உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் இன்னும் பாக்கி.