டி. ஸ்டெல்லாவின் கூழ்க் கட்டுரை

அன்று மழை பெய்ததாக ஸ்டெல்லா சொல்கிறாள். என் நினைவிலோ ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன். அதிலும் நானே சேர்த்தது கொஞ்சம் இருக்கலாம்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் எனக்கு ஒரு நெட் சென்டர் இருக்கிறது. கூட்டமில்லாத மத்தியானம். என் தங்கை ஸ்டெல்லா மூலைக் கம்ப்யூட்டரில் ஒரு விண்ணப்பத்தைத் திறந்து வைத்து, நிரப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். நாம் தின்பது உள்ளே போய் எந்த மரபணுவைத் தட்டி எழுப்புகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், குழந்தை. பல வருடம் ஆராய்ச்சிக்கூடத்தின் பக்கமே போகவில்லை. திரும்பிப் போன பிறகு, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே சில கட்டுரைகள் எழுதியிருந்தாள். இந்த விண்ணப்பம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி வேலைக்கு. அனுப்ப அன்றுதான் கடைசி நாள். அவள் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் குறைந்தது நூறு முறையாவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"எவ்ளோ வருது?"

"பதினொண்ணு. வுடுண்ணா. அடுத்த வருஷம் வயசும் தாண்டிடும். ஊட்டுக்குப் போலாம்."

எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. சும்மா இருக்க முடியாமல் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடும் தளத்தில் அவள் பெயரை நானே அடித்தேன். அவளுடைய பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் எல்லாம் நான் எழுதிக்கொடுத்த பெயர்: டி. ஸ்டெல்லா. அடித்த பிறகுதான் தப்பு உறைத்தது. எங்கள் நைனா தேவசகாயத்தின் இன்ஷியல் அது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் புருஷன் வின்சென்ட்டின் இன்ஷியலில் வி. ஸ்டெல்லா ஆகிவிட்டாள். நான் அழிப்பதற்குள் திரை நிறைந்துவிட்டது.

முதலில் இருந்தது கேழ்வரகுக் கூழ் பற்றிய கட்டுரை. புளித்த கூழிலிருந்து குடல் எப்படிக் கூடுதலாக இரும்புச்சத்தை எடுத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாள். அதன் கீழே சின்ன எழுத்தில்: மேற்கோள்கள் 214.

"ஸ்டெல்லா, இங்க வா."

"இன்னா?"

"வாடீன்னா!"

வந்து பார்த்தவள் உட்காரவில்லை. கல்யாணத்துக்கு முன்பே எழுதி அனுப்பிய அந்தக் கட்டுரை வெளிவந்தபோது அவள் கைக்குழந்தைக்காரி. அதற்குப் பிறகு அதை யாராவது படிப்பார்கள் என்றே நினைக்கவில்லை. பின்னால் தன் கட்டுரைகளையும் மேற்கோள் கணக்கையும் காட்டும் பக்கத்தை இணையத்தில் தொடங்கியபோது, வி. ஸ்டெல்லா எழுதியவை மட்டும்தான் அதில் ஏறியிருந்தன. அவளும் விட்டுவிட்டாள்.

"கென்யாலருந்து எழுதியிருக்காங்கண்ணா! இது பிரேசில். ஐயோ, இவரு... இவரு புக்கத்தான் நான் பாடம் நடத்துறேன். இவரு என் கூழப் பத்தி எழுதியிருக்காரு!"

நைனா அப்போதுதான் மார்க்கெட் கமிட்டியில் நெல்லை விற்க இறக்கிவிட்டு, துண்டெல்லாம் உமியோடு உள்ளே வந்தார். அங்கே போகும் தன் மூட்டைகளில், அடையாளத்துக்கு, அவர் கரியால் ஆங்கில 'டி' எழுதுவார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆங்கில எழுத்து.

"இன்னாடா, ரோடு வரைக்கும் கேக்குது?"

நான் சொன்னேன். கல்யாணமான வாரமே ரேஷன் கார்டு முதல் எல்லாவற்றிலும் அவள் இன்ஷியலை மாற்ற அலைந்தவர் அவர்தான்.

"அப்ப கமிட்டியில மூட்ட மாறிப்போன கணக்கா. நம்ம சரக்கு எவன் அடுக்குலயோ கெடந்திருக்குது. மாத்தி அடுக்குனது நானு." பிறகு மெதுவாக, "இப்ப எடுத்தாந்துக்கலாமா பாப்பா?"

"எடுத்துக்கலாம் நைனா."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்கே தெரியாது. ஸ்டெல்லா தன் பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தன் பக்கத்தில் சேர்த்தாள். மேற்கோள் எண் ஏறியது. மறுபடி ஏறியது. நைனா நாற்காலிக்குப் பின்னால் நின்று, வண்டியில் மூட்டை ஏற்றச் சொல்கிறவர் மாதிரி, "ஆங், அதையும் போடு, அதையும் போடு" என்றார்.

கடைசியில் பெயர்க் கட்டம். அவள் கை நின்றுவிட்டது.

"எந்தப் பேருண்ணா போட?"

நைனாதான் சொன்னார். "மாப்ள எழுத்த எடுத்துராத. பாவம், நல்ல பையன். என்னுதையும் பக்கத்துல போடு."

"டி. வி. ஸ்டெல்லாவா? டிவி ரிப்பேர் கட மாதிரி இருக்குது நைனா!"

"இருக்கட்டும், போடு!"

சிரித்துக்கொண்டே அடித்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். 'விண்ணப்பம் பெறப்பட்டது' என்று வந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் திரை அணைந்தது. மூன்று பேரும் அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஸ்டெல்லாவுக்கு அந்த வேலை கிடைத்தது. வின்சென்ட் மாற்றல் வாங்கிக்கொண்டு கூடப் போனார். நான் அதே கடையில் இருக்கிறேன். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறேன். நைனா இன்னும் பயிர் வைக்கிறார். இந்தத் தையில் கமிட்டி வாசலில் அவருடைய மூட்டைகளைப் பார்த்தேன். எப்போதும் போடும் 'டி'க்குப் பக்கத்தில், கரியால், கை பழகாத ஒரு 'வி' சாய்ந்து நின்றது.