ஆரணியில் கதவுகள் பூட்டிக்கொண்ட செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஃப்ளோரன்ஸ் டீச்சர் சதுரங்கப் பலகையில் தன் கடைசிச் சிப்பாயை எதிராளியின் சிப்பாயோடு முட்டவிட்டு நிறுத்தியதும், ஆரணியில் இருந்த கதவுகள் எல்லாம் தாமாகப் பூட்டிக்கொண்டன. கோயில், சர்ச், சார்பதிவாளர் அலுவலகம், பட்டுக்கடை ஷட்டர், எதுவும் தப்பவில்லை. போளூர் பஸ்ஸில் ஜனங்கள் ஜன்னல் வழியாக ஏறினார்கள். அது வழக்கம்தான் என்பதால் கண்டக்டர் கண்டுகொள்ளவில்லை. வெம்பாக்கத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களுக்குக் கடைக்காரர் வெண்டிலேட்டர் வழியாகப் புடவைகளைத் தொங்கவிட்டுக் காட்டினார். அப்போதும் அவர்கள் நாற்பது புடவைகளை வேண்டாம் என்றார்கள்.

எதிராளி ஒரு கம்ப்யூட்டர். பள்ளித் தாளாளர் சம்பந்தம் வாங்கி வந்தது. இனி பிள்ளைகளுக்குச் செஸ் கற்றுத்தர இதுவே போதும் என்று அவர் சொன்னபோது, இருபத்திரண்டு வருஷமாகக் கற்றுத்தந்த டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தோற்றால் வேலையை விட்டுப் போகிறேன், டிரா ஆனாலும் இருப்பேன் என்று சவால் விட்டார். உலகத்தில் அதை ஜெயிக்க ஆளில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. அது நொடிக்குக் கோடி வழி பார்க்கும். சரி, வழியே இல்லாமல் அடைத்துவிட்டால் எதைப் பார்க்கும்? ஆகவே ஒரு காயையும் வெட்டாமல், சிப்பாய்களை நெற்றியோடு நெற்றி முட்டவிட்டுச் சுவர் எழுப்பினார். பிறகு குதிரையை முன்னே வைத்தார், பின்னே வைத்தார். இரு தரப்பும் ஐம்பது முறை நகர்த்தி, வெட்டும் இல்லை, சிப்பாய் நகரவும் இல்லை என்றால் டிரா.

முப்பதாவது நகர்த்தலுக்குள் காரணம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கணவர் சார்லி போன் செய்தார். "பாத்ரூம்ல மாட்டிகினு இருக்கேன். ஒரு சிப்பாய வெட்டிடேன், ஜல்தியா வெளிய வந்துடுறேன்."

"உள்ளயே இருங்க. வெட்டினா அது என்னைத் துவைச்சிடும்."

நாற்பதாவதில் சம்பந்தம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "ஊரே பேஜாராயிடுச்சி டீச்சர். தோத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"ஊரு பொறுத்துக்கும் சார். நான் சொல்ல மாட்டேன்."

கம்ப்யூட்டருக்குத் தன் கை ஓங்கியிருக்கிறது என்று எண்ணம். டிராவுக்கு அதன் மனம் ஒப்பவில்லை. நாற்பத்தொன்பது முடிந்ததும், டிராவைத் தவிர்க்க, அதுவே தன் குதிரையைப் பலிகொடுத்து டீச்சரின் சிப்பாய் ஒன்றை வெட்டியது. அந்த நொடியில் ஊரின் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. சார்லி துண்டோடு தெருவுக்கு வந்துவிட்டார். திறந்த வழியில், வெகுநேரமாகக் காத்திருந்த டீச்சரின் இரண்டு யானைகளும் இறங்கின. மாலை நாலரைக்குக் கம்ப்யூட்டரின் ராஜாவுக்குப் போக இடமில்லை.

டீச்சர் வெளியே வந்ததும் கம்ப்யூட்டர் அறைக் கதவு மட்டும் மறுபடி சாத்திக்கொண்டது. பூட்டுக்காரர் பழனி வந்தார், கடப்பாரை வந்தது, அசையவில்லை. உள்ளே அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் போனாலும் அதன் சத்தம் நிற்பதில்லை. கதவின் வெளிப்பக்கத்தில் டீச்சர் செஸ் வகுப்பின் நேர அட்டவணையை ஒட்டியிருக்கிறார்.